கிதாரின் விலையைப் போட்டீர்கள், ஆல்பம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்து கிதார் கலைஞர் ரோரி கேலகரைப் பற்றி ஒரு தமிழ் நாளிதழில் படிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை, அதனால் இசைப் பக்கத்தில் அவர் படத்தைப் பார்த்ததும் நின்றபடியே முழுக் கட்டுரையையும் படித்துவிட்டேன். படித்து முடித்ததும்தான் ஏமாற்றம். முக்கால் பங்கு அவருடைய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் 2024-இல் லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்ற கதை. 8,89,400 பவுண்டு, சரி, பெரிய தொகைதான். வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டதும் நல்ல செய்திதான். ஆனால் கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கும் அவருடைய 1971 தனி ஆல்பத்துக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி கிடைத்திருக்கிறது, பழைய ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்று.

அந்த ஒரு வரியும் தவறு என்பதால்தான் எழுதுகிறேன். ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பல தட்டுகளைச் சேர்த்து 2021-இல் வந்த பெட்டியின் முதல் குறுந்தட்டில் இருப்பது ரீமாஸ்டர் இல்லை, ரீமிக்ஸ். நமக்கு ரீமிக்ஸ் என்றாலே பழைய சினிமாப் பாட்டின் தலையில் புது டிரம்ஸைக் கட்டி ஆடவிடுவதுதான் ஞாபகம் வரும், இது அதுவல்ல. ரீமாஸ்டரில் ஏற்கெனவே கலந்து முடித்த இரண்டு தட நாடாவை எடுத்து இரைச்சலைக் குறைப்பார்கள், சத்த அளவைக் கூட்டுவார்கள், அடித்தொனியைக் கொஞ்சம் தட்டிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான், குரலுக்கும் கிதாருக்கும் இடையே இருக்கும் தூரம் மாறாது. ரீமிக்ஸ் என்றால் அதற்கும் முந்தைய பல தட நாடாவுக்கே போய்விடுகிறார்கள். குரல், கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும், எது முன்னால் வர வேண்டும், எது இடது பக்கம், எதற்கு எவ்வளவு எதிரொலி என்று எல்லாவற்றையும் இன்னொருவர் மறுபடி முடிவு செய்கிறார்.

எந்த ஆல்பத்துக்கும் இது சின்ன விஷயம் இல்லை, இந்த ஆல்பத்துக்கு இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் அதைத் தயாரித்ததே கேலகர்தான். 1970 கோடையில் இங்கிலாந்தின் வைட் தீவு இசைத் திருவிழாவில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் வாசித்த அவருடைய முந்தைய குழுவான டேஸ்ட், அந்த ஆண்டு முடியும்போதே முடிந்துபோனது, டிசம்பர் 31 இரவு பெல்ஃபாஸ்ட்டில் கடைசிக் கச்சேரி. அப்போது அவருக்கு வயது 22. சில மாதத்தில் லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் பத்துப் பாட்டு, பத்தும் அவர் எழுதியவை, 1971 மே மாதம் இசைத்தட்டு கடையில். குழு உடைந்த கையோடு வரும் தனி ஆல்பங்களில் பெரும்பாலும் விருந்தாளிகள் வரிசைகட்டி நிற்பார்கள். இவரோ பெல்ஃபாஸ்ட்டிலிருந்து இரண்டே பேரைக் கூட்டிக்கொண்டார், பேஸுக்கு ஜெர்ரி மெக்கவாய், டிரம்ஸுக்கு வில்கர் கேம்பெல். அடாமிக் ரூஸ்டர் குழுவின் வின்சென்ட் கிரேன் இரண்டு பாட்டில் பியானோ வாசித்துவிட்டுப் போகிறார். மற்றதெல்லாம் இவரே, மாண்டலினும் சாக்ஸபோனும் உட்பட.

அந்தக் கால கிதார் ஒலிக்குப் பின்னால் இருந்தது என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். வியர்வையில் சாயம் உரிந்துபோன அந்த 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதிலிருந்து ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி, அதிலிருந்து வாக்ஸ் ஏசி30 ஆம்ப் என்ற ஒலிபெருக்கி, தீர்ந்தது. ரேஞ்ச்மாஸ்டர் மேல் தொனியைத் தூக்கி ஆம்பின் வால்வுகளை மூச்சு முட்ட வைக்கும், கிதாரில் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் அதே ஒலி தெளிந்துவிடும், மெல்ல வாசித்தால் மெல்லவே அழும். அதனால்தான் அந்த ஆல்பத்தில் கரடுமுரடான ப்ளூஸுக்கு அடுத்த பாட்டிலேயே மரக் கிதாரோடு உட்கார்ந்துகொண்டு நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஒன்றைப் பாட அவரால் முடிகிறது, கேட்கிறவருக்கும் அது ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை.

புதிய கலவை மோசம் என்று நான் சொல்லவில்லை. மெக்கவாயின் பேஸ் என்ன செய்கிறது என்று என் காதுக்கு இப்போதுதான் சரியாகப் புரிகிறது. ஆனால் பழைய கலவையில் ஒரு வறட்சி உண்டு, மூன்று பேரும் ஒரு சின்ன அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி. அதை நான் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகியவன், எனக்கு அதுதான் அந்த ஆல்பம். கேலகர் 1995-இல் 47 வயதில் இறந்துவிட்டார், புதிய கலவையைக் கேட்டு அவர் சரி என்று தலையாட்டியிருப்பாரா, எழுந்து போயிருப்பாரா, யாருக்கும் தெரியாது. பெட்டியை முன்னின்று வெளியிட்டவர்கள் அவர் குடும்பத்தார்தான், ஏமாற்று வேலை எதுவும் இல்லை, புதிய கலவை என்றுதான் அவர்களே சொல்லி விற்றார்கள். அவர்கள் மறைக்காததை நம் பத்திரிகை ஏன் விட்டுவிட வேண்டும்? முதல்முறை கேட்கப்போகிற ஒரு இளைஞர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும். அவரிடம் நான் சொல்வது, முதலில் பழைய கலவையைத் தேடிக் கேளுங்கள், 2018 மறுவெளியீட்டில் அது இருக்கிறது, அப்புறம் பெட்டிக்கு வாருங்கள்.

பெட்டிக்கு வந்தே ஆக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் அதுவரை வெளிவராத முப்பது டேக்குகள், அதாவது ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்த பதிவுகள், இருக்கின்றன. ஒரே பாட்டை வெவ்வேறு விதமாக முயன்று பார்க்கிறார்கள், கிதார் தனித்து வாசிக்கும் சோலோ ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் போகிறது, எதையும் எழுதிவைத்து வாசிக்கவில்லை என்பது அங்கேதான் தெரிகிறது. பிபிசி வானொலிப் பதிவுகளும் உண்டு. பாரிஸில் இந்த மூவர் வாசித்த ஐம்பது நிமிடக் கச்சேரி டிவிடியில் இருக்கிறது, ஏலத்துக்குப் போன கிதாரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம், சத்தத்தோடு.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். படத்துக்குக் கீழே மெக்கவாயை டேஸ்ட் குழுவின் பேஸ் கலைஞர் என்று போட்டிருக்கிறீர்கள். வைட் தீவில் வாசித்த டேஸ்ட்டில் பேஸ் ரிச்சர்ட் மெக்ராக்கன், டிரம்ஸ் ஜான் வில்சன். மெக்கவாய் இந்த ஆல்பத்தில்தான் வந்து சேர்ந்தார், அதற்குப் பிறகு இருபது வருடம் போகவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்