ஃபார்மட் அடித்தும் திரும்பி வந்த வைரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறையூரில் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று 19 வருடமாக இதே பிழைப்பு. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் போன ஆவணியில் ஒரு வைரஸோடு 12 நாள் மல்லுக்கட்டினேன். ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் எடுத்துப் போகிற யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முகூர்த்த நேரம். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம்’ என்று தொடங்கும் பத்திரிகைகள் ஏழு கையில் இருந்தன. ஒன்றை வழக்கமான ஜெராக்ஸ் கடையில் ப்ரூஃப் எடுத்து, பெண் வீட்டாரிடம் காட்டி, திருத்தம் போட்டு, அதே பென் டிரைவை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்தில் அங்கிருந்து போன்.

“அக்கா, இதுல ஃபைலே இல்ல. எல்லாம் வெறும் ஷார்ட்கட். கிளிக் பண்ணினா காணோம்னு சொல்லுது.”

இருக்காதே என்று வாங்கிவந்து என் லேப்டாப்பில் செருகினேன். எல்லா ஃபோல்டரும் இருந்தன, கிளிக் செய்தால் திறக்கவும் செய்தன. அச்சகத்துத் தம்பியிடம் “உங்க சிஸ்டத்தைப் பாருங்க” என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர்தான் பொறுமையாக, “ஃபோல்டர் படத்தோட இடது மூலையில குட்டி அம்புக்குறி இருக்கா பாருங்கக்கா” என்றார். இருந்தது. அப்படியென்றால் அது நிஜ ஃபோல்டர் இல்லை, வேறொன்றைத் திறந்துவிடும் ஷார்ட்கட். அளவைப் பார்த்தேன், 2 கேபி. ஒரு நிச்சயதார்த்தத்தின் அத்தனை போட்டோவும் இருக்கிற ஃபோல்டர் 2 கேபிதானா?

அம்புக்குறி போட்டவற்றை அழித்தேன். பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்தன. வேறு பென் டிரைவ் செருகினேன், அதிலும் வந்துவிட்டது. இணையத்தில் தீர்வு தேடப் போனால், ‘உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒரு பக்கம் சைரன் சத்தத்தோடு திறந்துகொண்டது. அது பயமுறுத்திக் காசு பறிக்கும் வேறு கூட்டம். நல்லவேளை, அழைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “ஃபார்மட் அடிச்சிடலாம், 600 ரூபாய்.” சரி என்றேன்.

ஃபார்மட் என்றால் ஃபைல் மட்டும் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதோடு ஃபான்ட்டும் போகிறது. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்த பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்த ஃபான்ட்டுகளைத் திரும்ப ஏற்றவே இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பழைய வேலையைப் பார்க்கலாமே என்று பென் டிரைவைச் செருகி ஒரு ஃபோல்டரைத் திறந்தேன். இடது மூலையில் அதே அம்புக்குறி.

கடைக்காரர் இந்த முறை ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொன்னார், 2,800 ரூபாயாம். லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஓசூரில் வேலை பார்க்கும் மகளிடம் புலம்பினேன். “பரண்ல என்னோட ஸ்கூல் லேப்டாப் இருக்கும், எடும்மா” என்றாள். பிளஸ் டூவில் அரசு இலவசமாகக் கொடுத்தது. அதில் விண்டோஸோடு, அதைப்போலவே கம்ப்யூட்டரை இயக்கும் பாஸ் லினக்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. மகள் படித்த காலத்தில் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரைச் செருகியபடியே பாஸ் பக்கம் போய்ப் பென் டிரைவைத் திறந்தேன்.

அழுகையே வந்துவிட்டது. என் ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன, முழு அளவோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அம்புக்குறி போட்ட போலி. நடுவில் வாயில் நுழையாத பெயரோடு ஒரு சின்ன ஃபைல், கடைசியில் விபிஎஸ் என்ற மூன்றெழுத்து. அதுதான் வைரஸ்.

அது செய்யும் வேலையை மகள் போனில் விளக்கினாள். வைரஸ் நம் ஃபைலை அழிப்பதில்லை, ஒளித்துவைக்கிறது. சும்மா ஒளித்தால் ‘மறைந்த ஃபைல்களைக் காட்டு’ என்று கொடுத்துப் பார்த்துவிடலாம். அதனால் இவை விண்டோஸின் சொந்த ஃபைல்கள் என்று கூடுதலாக ஒரு முத்திரையும் குத்திவிடுகிறது. விண்டோஸும் நம்பி அவற்றைக் காட்டாமல் விட்டுவிடும். லினக்ஸ் அந்த முத்திரையைக் கண்டுகொள்வதில்லை, அதனால்தான் அங்கே எல்லாம் தெரிந்தது. ஒளித்த ஃபோல்டரின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட். அதைக் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் நிஜ ஃபோல்டரும் திறக்கும். நமக்குச் சந்தேகமே வராது. முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடுமாம். 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் ஒரு அப்டேட் அனுப்பி அந்த வழியை அடைத்தது. அதனால் இப்போது நம் விரலாலேயே கிளிக் செய்ய வைக்கிறது.

2000 மே மாதத்தில் உலகம் முழுக்க மெயிலில் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் இதே விபிஎஸ் மொழியில் எழுதியதுதானாம். அந்த மொழியைப் படிப்படியாக நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில்தான் அறிவித்தது. அதுவரை துறையூர் தாங்க வேண்டும்.

சுத்தம் செய்தது இப்படி. மகள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் தடவை வரிசையை மாற்றிச் செய்து சொதப்பினேன்: லேப்டாப்பில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைச் சுத்தம் செய்தால் அது உடனே திரும்பத் தொற்றிக்கொள்ளும். முதலில் லேப்டாப், அப்புறம்தான் பென் டிரைவ்.

நெட்டைத் துண்டித்துவிட்டு, லேப்டாப்பில் என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது வைரஸ் இல்லை, விண்டோஸுடையதேதான். விபிஎஸ் ஃபைல்களை ஓட்டும் வண்டி மாதிரி. அதை அழிக்கக் கூடாது, நிறுத்தினால் போதும். நிறுத்தினேன். அடுத்து, லேப்டாப் ஆன் ஆகும்போதே என்னென்ன ஓடுகின்றன என்ற பட்டியல் அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் இருக்கிறது. பென் டிரைவில் பார்த்த அதே வாயில் நுழையாத பெயர் அங்கேயும் உட்கார்ந்திருந்தது. அதை முடக்கினேன். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘ஷெல் கோலன் ஸ்டார்ட்அப்’ என்று அடித்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ஒரு பிரதி. ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் ரோமிங் என்ற இடத்தில் இன்னொன்று. இரண்டையும் அழித்தேன்.

கடைசியாகப் பென் டிரைவ். உங்கள் பக்கத்தில் ஆங்கிலம் அச்சாகாது என்பதால், மகள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். சிஎம்டி என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, பென் டிரைவின் எழுத்தையும் கோலனையும் அடித்து என்டர். எனக்கு எஃப். “அட்ரிப்னு அடிம்மா. ஒரு இடைவெளி விட்டு மைனஸ் ஹெச். இடைவெளி, மைனஸ் ஆர். இடைவெளி, மைனஸ் எஸ். இடைவெளி, சாய்கோடு எஸ். இடைவெளி, சாய்கோடு டி. இடைவெளி, நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம். என்டர்.” “எந்தப் பக்கம் சாயற கோடுடி?” என்று கேட்டேன். கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள கோடு. ஒரு நிமிடம் கறுப்பு ஜன்னல் அப்படியே நின்றது. அப்புறம் பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் வந்து நின்றன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஷார்ட்கட்டுகளையும் விபிஎஸ்ஸையும் அழித்தேன். வீட்டிலிருந்த மற்ற மூன்று பென் டிரைவ்களுக்கும், பழைய போன் மெமரி கார்டுக்கும் இதே வைத்தியம்.

இனி சொல்வது எனக்கே வெட்கம். விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே வருகிறது. அது ஏன் இதைப் பிடிக்கவில்லை? நான்தான் அதை அணைத்து வைத்திருந்தேன். டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றைக் கிராக் போட்டு, அதாவது காசு கட்டாமலே ஓடும்படி திருட்டுத்தனமாக மாற்றித் தந்தவர், “டிஃபெண்டரை ஆன் பண்ணிடாதீங்கக்கா, சாஃப்ட்வேர் ஓடாது” என்று சொல்லி அணைத்துவிட்டுப் போயிருந்தார். ஃபார்மட் அடித்த கடையிலும் அதே கிராக்கைப் போட்டு, அதேபோல அணைத்தே கொடுத்திருக்கிறார்கள். 600 ரூபாய் கொடுத்துச் சுத்தமாக்கி, கதவைத் திறந்துபோட்ட வீட்டுக்குத்தான் நான் குடிவந்திருக்கிறேன். மகளுக்குக் கிராக் விஷயம் அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

கிராக்கை நீக்கிவிட்டு டிஃபெண்டரை ஆன் செய்து, அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருப்பதைக் கொடுத்தேன். லேப்டாப் அணைந்து, விண்டோஸ் முழுசாக எழும் முன்பே தேடுகிறது. கால் மணி நேரம் ஆகும். ஒளிந்துகொண்டு தப்பிக்கும் வைரஸ்களுக்கு அதுதான் சரி. அதன்பின் எதுவும் திரும்ப வரவில்லை. இந்த வகையில் ஹெச்-வோர்ம் என்று 2013-லிருந்தே பேசப்படும் ஒன்று, வெளியிலிருந்து வரும் கட்டளைப்படி நம் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கக் கூடியதாம். எனக்கு வந்தது அதேதானா, எப்படித் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று நெட் பேங்கிங், மெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றினேன். டிசைன் சாஃப்ட்வேருக்குச் சந்தா கட்டும் அளவுக்கு வருமானமில்லை. இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறேன், பழைய ஃபான்ட்டுகளோடு இன்னும் முட்டிக்கொள்கிறது.

சரி, முதலில் எங்கிருந்து வந்தது? அச்சகத்தில் நல்ல ஆன்டிவைரஸ் உண்டு, அதனால்தான் அங்கே வைரஸ் சிக்கி, ஷார்ட்கட் திறக்காமல் போனது. மீதி ஜெராக்ஸ் கடைதான். புது பென் டிரைவ் ஒன்றில் ஒரே ஒரு வெற்று ஃபோல்டரை வைத்து எடுத்துப்போய் ஒரு பக்கம் பிரிண்ட் கேட்டேன். வீட்டில் பாஸ் லினக்ஸில் திறந்தால், ஃபோல்டருக்குப் பக்கத்தில் விபிஎஸ்.

கடைக்கார அண்ணனிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. “ஆன்டிவைரஸ் போட்டிருக்கேம்மா” என்றார். போட்டிருந்தார், காலாவதியாகி ஒன்றரை வருடம். திரையின் மூலையில் சிவப்புக் குறி, பார்த்துப் பார்த்துப் பழகிப்போய் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், பயோடேட்டா என்று ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவ் அந்த ஒரே சிஸ்டத்தில் ஏறி இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு நானும் அவருமாக உட்கார்ந்து சுத்தம் செய்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்கிறார். போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் குறையாது. நான் கடைக்கு எடுத்துப்போவது கேமரா மெமரி கார்டு. அதன் பக்கவாட்டில் குட்டிப் பூட்டு ஒன்று உண்டு, தள்ளிவிட்டால் படிக்கலாம், எதையும் எழுத முடியாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்று ஒன்றைத் தொடங்கி, வைரஸ் நீக்கும் மென்பொருள்களை இலவசமாகவே தருகிறது. பென் டிரைவ்களைக் கட்டுப்படுத்த ‘யுஎஸ்பி பிரதிரோத்’ என்று தனியாக ஒன்று உண்டு. பெயரே இப்படி இருந்தால் துறையூரில் யாருக்குத் தெரியும்? நான் விசாரித்த ஐந்து ஜெராக்ஸ் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பொதுத்தேர்வுக்கு முன்பு, விண்ணப்பங்களும் ஹால் டிக்கெட்டுகளும் பறக்கும் நேரத்தில், இதையெல்லாம் தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். கடைக்காரர்கள் வெட்டி ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது. டிசைன் வேண்டுமானால் நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

அந்த ஏழு பத்திரிகையில் ஆறு நேரத்துக்குப் போய்விட்டன. ஏழாவது வீட்டார் காத்திருக்க முடியாமல் வேறு இடத்தில் அடித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள், போய்வந்தேன்.

இந்த மடலில் இணைப்பு எதுவும் வைக்கவில்லை, மெயிலிலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். தைரியமாகத் திறக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
துறையூர், திருச்சி மாவட்டம்.