கையெழுத்துக்கு முன்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது ஆறுதல். ஆனால் மூத்தவனின் வேலையைப் பற்றி நீ கடைசியில் எழுதியிருந்த நான்கு வரிகளைப் படித்த பிறகு மற்றவை மனத்தில் நிற்கவில்லை. அவன் பிரிவையே மூடப்போகிறார்கள் என்றும், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை உடனே முடித்துத் தருவதாக மேலாளர் சொன்னதற்குப் பையன் தலையாட்டிவிட்டு வந்தான் என்றும் எழுதியிருக்கிறாய். நேற்றிரவு இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

எங்கள் மில்லை மூடியபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். விருப்ப ஓய்வு என்று அச்சடித்த தாளில், மொத்தப் பணத்தைக் கண்டு நானும் கையெழுத்துப் போட்டேன். போட மறுத்து வெளியே நின்ற ஸ்பின்னிங் பிரிவு ஆட்கள் சிலருக்குப் பிறகு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டிலிருந்து மாதாமாதம் பாதிச் சம்பளம் வந்தது. நான் கிளை அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் என் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களாகவே விட்டிருக்கிறீர்களே, ஐயா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அது ராஜீவ் காந்தி பெயரில் 2005 ஏப்ரலில் வந்த திட்டம். ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு உரியது. குறைந்தது இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருக்க வேண்டும். இப்போதைய விதிப்படி முதல் 12 மாதங்களுக்குச் சராசரி ஊதியத்தில் பாதியும், அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கும் தருகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. தானாக விலகியவர், விருப்ப ஓய்வில் போனவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர் ஆகியோருக்குக் கிடையாது. கதவடைப்புக் காலத்துக்கும் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தக் காலத்துக்கும் இல்லை. ஆகவே வேலை போனது எப்படி என்பதைக் காட்டும் அந்த ஒரு தாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உன் பையன் அதைத் தன் கையாலேயே மாற்றி எழுதித் தரக் கிளம்பியிருக்கிறான். ஆட்குறைப்பு என்று நிர்வாகம் எழுதித் தந்தால், சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். ராஜினாமா கேட்பதன் காரணம் உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

இ.எஸ்.ஐ.யில் இன்னொன்று, அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான திட்டம்; 2018 ஜூலையில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, அவ்வப்போது காலத்தை நீட்டித்து வருகிறார்கள். கால் பங்காக இருந்த தொகையைக் கொரோனா காலத்தில் பாதியாக உயர்த்தினார்கள். இதற்கும் இரண்டு ஆண்டுப் பணி தேவை; கடைசிப் பிடித்தக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்துக் கேட்கலாம். நான்கு பிடித்தக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுத்து அதில் பாதியை ஒரு நாளுக்கு என்று கணக்கிடுகிறார்கள். பையனின் 18,000 ரூபாய்க்கு நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு ஏறக்குறைய 296 ரூபாய், 90 நாளுக்கு 26,600க்குச் சற்றுக் கூடுதல். வாழ்நாளில் ஒரே தடவைதான். இடையில் வேறு வேலை கிடைத்தால் அந்தத் தேதியோடு நின்றுவிடும். அதை மறைத்து வாங்குவது குற்றம். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல். பக்கத்து வீட்டுப் பையனின் மனு, தந்தை பெயரை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் எழுதியிருந்ததால் இரண்டு மாதம் கிடந்தது.

சின்னவளுக்கு மாநில அரசின் உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டு கடந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அவள் படித்தது பி.ஏ. என்பதால் பட்டதாரிக்கான மாதம் 600 ரூபாய். பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லை. மூன்று ஆண்டோடு அது முடிந்துவிடும், பதிவு மூப்பு மட்டும் பாதிக்காது. அதைப் பெரிய வரவாக எண்ணிக் கணக்குப் போடாதே.

மூத்தவன் விஷயத்தில், பணம் நிற்கும் நாளையும் இப்போதே நாட்காட்டியில் குறித்து வை. நம் ஆட்கள் பலர் முதல் ஆண்டு பாதிச் சம்பளத்துக்குப் பழகி, பதின்மூன்றாம் மாதம் அது கால் பங்கானபோதுதான் வேலை தேடக் கிளம்பினார்கள். இருபத்துநான்காவது மாதத்தோடு மருந்துச் சீட்டும் நின்றுபோகும் என்பதைச் சர்க்கரை நோயாளியான ஒருவர் மருத்துவமனை வரிசையில் நின்றபோதுதான் தெரிந்துகொண்டார்.

மேலாளர் தந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். நான் வாசித்துச் சொல்லும் வரை பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்