மூட்டையைத் தொடாதே

அயனாவரம்,
சென்னை.

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பார்வை தெளிந்துவிட்டது என்று சொட்டு மருந்தைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட வேண்டாம் என்று சொல். இங்கே மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். புரசைவாக்கம் போய்வருவதற்குள் முழங்கால் கழன்றுவிடுகிறது. சின்னவளுக்குத் தையில் நிச்சயதார்த்தம், தனியாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். பேரன் காட்டிய அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, "கத்தியோடு நிற்கிறவனைப் போலீஸ்காரன் வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிடுவான்?" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் காக்கி போட்டவன் அப்படித்தான் கேட்பாய். நான் மனநல வார்டில் வெள்ளை போட்டவன். எனக்கு அந்தக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

நீ பார்த்தது ஜேம்ஸ் பாய்ட் என்பவரின் சாவு. நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி நகரம், 2014 மார்ச். வயது 38, மனச்சிதைவு நோய், வீடு கிடையாது. மலையடிவாரத்தில் அனுமதியில்லாமல் கூடாரம் போட்டுத் தங்கினார் என்பதுதான் புகார். சோதனை போடப் போலீசார் நெருங்கியதும் இரண்டு சிறு கத்திகளை எடுத்தார். பிறகு சில மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் இறங்கி வரச் சம்மதித்துத் தன் பைகளைத் தூக்கினார். அந்த நேரத்தில் வெடிச்சத்தக் குண்டை வீசினார்கள், நாயை ஏவினார்கள். கத்தி மறுபடி வெளியே வந்தது, சுட்டார்கள். கொலை வழக்கில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களைப் பற்றி 2016-இல் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வழக்கு அதோடு போயிற்று. குடும்பத்துக்கு நகராட்சி 50 லட்சம் டாலர் கொடுத்தது.

பையைத் தூக்கிக்கொண்ட மனிதன் ஓடவா போகிறான், முத்தையா? வேலை முடிந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதும். யாருக்கு என்ன அவசரம்?

கத்தியே இல்லாத கதையும் உண்டு. கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரம், 2011 ஜூலை, பஸ் நிலையம். கெல்லி தாமஸ், வயது 37, அதே நோய், அதே தெருவாழ்க்கை. அங்கேயும் சோதனையில்தான் ஆரம்பம். காலை முன்னால் நீட்டி, கையை முழங்காலில் வைத்து உட்காரச் சொன்னார்கள். ஏற்கெனவே காதுக்குள் நாலு குரல் அதட்டிக்கொண்டிருக்கிறவனுக்குப் போலீஸ்காரன் குரல் ஐந்தாவது. எதற்குக் கீழ்ப்படிவான்? அடித்து, மின்சாரம் பாய்ச்சி, ஆறு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது பதிவாகியிருக்கிறது. ஐந்தாம் நாள் இறந்துபோனார். மார்பு நசுங்கி மூச்சடைத்ததைத்தான் பிரேதப் பரிசோதனை காரணமாகச் சொன்னது. விசாரணைக்கு நின்ற இருவரும் 2014-இல் விடுதலை.

அந்த அப்பா யார் தெரியுமா? உன் ஜாதி. ஷெரிப் துறையில், அதாவது அங்கத்திய மாவட்டப் போலீசில், வேலை பார்த்தவர். மருத்துவமனையில் மகனுடைய சிதைந்த முகத்தைப் படமெடுத்து வெளியே கொடுத்ததும் அவர்தான். வழக்கு நீதிமன்றம் வரை போனதில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

எங்கள் வார்டிலும் நோயாளி சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு நின்றதுண்டு. நாங்களும் மிரளத்தான் செய்தோம். ஆனால் முறை ஒன்று இருந்தது. ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் பின்வாங்குவார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் குப்புறப் போட்டு முதுகில் ஏறக் கூடாது. பெரும்பாலும் பிடிக்க வேண்டியே வராது, கை வலித்து அவரே ஸ்டாண்டைக் கீழே வைத்துவிடுவார்.

இன்சார்ஜ் சிஸ்டர் புதிதாக வந்த எங்களுக்கு முதலில் சொன்னது, "மூட்டையைத் தொடாதே" என்பதுதான். போலீஸ் மெமோவோடு தெருவிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மூட்டை இருக்கும். சிமெண்டுச் சாக்கு, காலி பாட்டில், ஒயர் துண்டு, அழுகிய பழம். நமக்குக் குப்பை, அவருக்கு வீடு, பீரோ, வங்கி எல்லாம் அதுதான். பிடுங்கினால் அடிப்பார். கூடவே வைத்துக்கொள்ளவிட்டால் குளிக்கக்கூட வருவார். நாற்றத்தை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டால், மூன்றாம் நாள் அவரே அவிழ்த்துக் காட்டுவார். அப்படி அவிழ்த்த ஒரு மூட்டையில் கிடைத்த பழைய மின்கட்டண அட்டையை வைத்துத்தான் விழுப்புரம் பக்கம் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தோம்.

போன மாதம் எங்கள் பாலத்தடியில் இருந்தவரை அப்புறப்படுத்த வேன் வந்ததாம். யாரோ பிரமுகர் அந்த வழியாக வருகிறார் என்று. மூட்டையைத் தூக்கிக் குப்பை லாரியில் எறிந்திருக்கிறார்கள். மனிதர் பாய்ந்திருக்கிறார், லத்தி இறங்கியிருக்கிறது. பழக்கடைக்காரர் சொன்னார், கை முறிந்து தொங்கியதாம். பிறகு எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே, நம் ஊரில் சுடுவதில்லை என்று மார்தட்டிக்கொள்ளாதே. பீட் கான்ஸ்டபிள் கையில் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தின் கையிலும் இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியில் பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்களே. இங்கே இப்படிச் சாகிறவருக்குப் படமெடுக்க ஓர் அப்பா வருவதில்லை. "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 50" என்று ஒரு சந்தேக மரண வழக்குப் போட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள். எத்தனை போட்டாய் என்று உன்னைக் கேட்கவில்லை.

சட்டம் பாதகமில்லை. உன் காலத்தில் மாஜிஸ்திரேட்டிடம் ரிசப்ஷன் ஆர்டர், அதாவது மனநல மருத்துவமனையில் சேர்க்கும் உத்தரவு, வாங்க அலைந்தாய். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இப்படித் திரிகிறவரை 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னைப் போலீசே 2021-இல் 'காவல் கரங்கள்' என்று தொடங்கி, தெருவில் கிடப்பவர்களைக் காப்பகங்களில் சேர்க்கிறது. அந்தப் பிள்ளைகள் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன், மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எல்லா ஸ்டேஷன் வேனிலும் அவர்களா வருகிறார்கள்?

அமெரிக்காவிலும் எல்லோரும் ஒன்றில்லை. மெம்பிஸ் நகரில் 1987-இல், கத்தியால் தன்னையே கீறிக்கொண்ட மகனுக்கு உதவி கேட்டுத் தாய் போலீசைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு, மறு வருடமே, தேர்ந்தெடுத்த போலீசாருக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்துத் தனிக் குழு அமைத்தார்கள். ஓரிகனின் யூஜீன் நகரில் 1989 முதல் போலீசுக்குப் பதில், ஆயுதமில்லாத இரண்டு பேர் வேனில் போனார்கள். ஒருவர் மருத்துவ உதவியாளர், ஒருவர் மனநலப் பணியாளர். 2025 ஏப்ரலில் அங்கே அது நின்றுபோனது. எனக்கு வருத்தம்தான்.

நீ மாதம் ஒருமுறை பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கிறாய் அல்லவா? செக்‌ஷன் எல்லாம் பையன்கள் பரீட்சைக்குப் படித்துக்கொள்வார்கள். ஒருவன் மட்டும் பேசு, வழியை மறிக்காதே, முதுகில் ஏறாதே, மூட்டையோடு ஏற்று. இதை அரை மணி நேரம் சொல்லிக் கொடு. வேனில் நாறும் என்று எவனாவது சிரித்தால், மறுநாள் கழுவச் சொல்.

வேண்டுமானால் நானும் வருகிறேன். மதுரைக்கு டிக்கெட் நீ எடுத்துக் கொடு.

அன்புடன்,
சபாபதி