பில் கவுண்டரின் நாற்காலியை எடுத்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் சூப்பர் மார்க்கெட்டும் பெரிய கடைகளும் நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்து, தானே பணம் கட்டிவிட்டுப் போகும் இயந்திரங்கள் நம் ஊர்ப் பெரிய கடைகள் சிலவற்றுக்கும் வந்துவிட்டன. எல்லா இடத்துக்கும் பரவுவதற்கு முன்பே ஒரு வாடிக்கையாளராக என் கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். இயந்திரம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு பொருள் வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்புபவருக்கு அது வசதிதான். ஆனால் அதைக் காரணமாக வைத்து, ஆள் உட்கார்ந்து பில் போடும் கவுண்டர்களை மூடாதீர்கள்.

அந்தக் கவுண்டரில் இருக்கும் நாற்காலி எளிதாகக் கிடைத்ததில்லை. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எங்கும் விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றே வேலை பார்த்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் திட்டு விழும். கால் வீக்கம், இடுப்பு வலி, நரம்புச் சுருட்டு என்று அவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி வருடக்கணக்கில் போராடினார். 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க மசோதா வந்து நிறைவேறியது. எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது.

இப்போது இயந்திரங்கள் இருக்கும் பகுதியைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஐந்தாறு இயந்திரங்களுக்கு ஒரு பெண். ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட வேண்டும். அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் அடுத்தது. ஆஃபர் விலை விழவில்லை, பார்கோடு கசங்கியிருக்கிறது, பணம் கணக்கிலிருந்து போய்விட்டது ஆனால் திரையில் காட்டவில்லை என்று எல்லாப் பிரச்சினையும் அவரிடம்தான் வருகிறது. இயந்திரத்தின் மேல் வரும் கோபமும் அவர் மேல்தான் விழுகிறது. உட்கார அவருக்கு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்? சட்டப்படி ஓரத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கலாம். உட்காரும் ஒரு நிமிடம் வேலையில் இருக்காது.

இந்தச் சிவப்பு விளக்கு ஏன் அடிக்கடி எரிகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட பல இயந்திரங்களில், பையை வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஸ்கேன் செய்த பொருளின் எடை பதிவில் உள்ள எடையோடு பொருந்தவில்லை என்றால் ஆளைக் கூப்பிடும். நாம் வாங்குவதோ எண்ணிக்கைக்கு முருங்கைக்காய், கட்டுக்குக் கீரை, ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு தேங்காய். இதற்கெல்லாம் திரையில் படம் தேடி, எண் தட்ட வேண்டும். பில் போடும் பெண் பார்த்தவுடன் முடிக்கிற வேலையை, கண்ணாடி மறந்து வந்த ஒரு பெரியவர் பின்னால் வரிசை நிற்கும் பதற்றத்தில் செய்ய வேண்டும். அப்புறம் வாசலில் செக்யூரிட்டி பில்லை வாங்கிப் பார்த்து, டிக் அடித்து அனுப்புவார். வேலையும் எங்களுடையது, சந்தேகமும் எங்கள் மேல்.

வாடிக்கையாளர் கையில் வேலையைக் கொடுப்பது புதிதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, அலமாரியிலிருந்து பொருளை ஆட்களே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாமும் பிறகு டிராலி தள்ளப் பழகினோம். அதில் நமக்கு ஒரு லாபம் இருந்தது. விலையை ஒப்பிடலாம், தேதி பார்த்து எடுக்கலாம், பிடிக்காததை அங்கேயே வைத்துவிடலாம். பில் போடும் வேலையையும் நாங்களே எடுத்துக்கொண்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? விலை குறையுமா? குறையும் என்று எந்தக் கடையும் எனக்கு இதுவரை சொல்லவில்லை.

இதில் முன்னே போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் பூத்ஸ் நிறுவனம், தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இந்த இயந்திரங்களை எடுக்கப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. நெதர்லாந்தில் ஜம்போ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2019இல் இந்த இயந்திரங்களுக்கு நேர் எதிராக ஒன்றைச் செய்தது. அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பில் போடுவதற்கென்று தனியாக ஒரு கவுண்டர் திறந்தது. தனிமையில் வாடும் முதியவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. நம் ஊரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! "என்னம்மா, போன வாரம் காணோமே?" என்று கவுண்டரில் கேட்கும் ஒரு குரல் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்.

ஆகவே இதைத்தான் கேட்கிறேன். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும், ரொக்கம் வாங்கும் ஆள் கவுண்டர் குறைந்தது ஒன்றாவது இருக்கட்டும். மாதத் தொடக்கத்திலும் ஞாயிறு மாலையிலும் அது போதாது, கூட்டுங்கள். இயந்திரப் பகுதியில் நிற்பவருக்கு மாற்று ஆள் கொடுத்து, முறைவைத்து உட்கார விடுங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. இயந்திரத்தின் திரையிலும் தமிழ் முதலில் வரட்டும். கைபேசி எண் கேட்கும் இடத்தில், கொடுக்காமல் தாண்டிப்போகும் பொத்தான் கண்ணில் படும்படி இருக்கட்டும். எண்ணுக்காக வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அடுத்த இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன், உங்கள் பில்லிங் பெண்களை உட்காரவைத்து அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பொருளில் இயந்திரம் திணறும், எந்த நேரத்தில் எத்தனை கவுண்டர் வேண்டும் என்று விற்க வருபவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
வாரந்தோறும் உங்கள் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்