சுந்தரத்தின் சீசா

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

பதில் வரவில்லையே என்று ஏசியிருப்பாய். மரகதம் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. இப்போது கரண்டியும் பிடிக்கிறாள், என்னையும் விரட்டுகிறாள், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. பேரனின் படங்கள் வந்தன. குழந்தை வசந்தா ஜாடை, பிழைத்தது. சேவியர் சார் போய்ச் சேர்ந்ததை மணி சொல்லியிருப்பான். கடைசியாகப் பார்த்தபோதுகூட "தூங்குமூஞ்சி அமெரிக்காவில் எப்படி இருக்கிறான்?" என்றுதான் விசாரித்தார்.

இனி உன் சீசா. பிபிசி-157 என்று எழுதியிருந்தாயே, தமிழோசை வானொலியை மறுபடி தொடங்கிவிட்டார்கள் போல என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். கீழே படித்த பிறகுதான் அது தோள்வலிக்காக நீயே வயிற்றில் குத்திக்கொள்ளப் போகும் ஊசி என்று தெரிந்தது. கூடவே சிஜேசி-1295, ஐபமோரெலின் என்று ஒரு ஜோடி, உறக்கத்துக்கும் இளமைக்குமாம். குற்றாலத்துத் தைலத்தை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எழுதினால் வசந்தா படித்துவிடுவாள்.

"நீ வேதியியல் வாத்தியார், பார்த்துச் சொல்" என்கிறாய். உனக்கு வேண்டியது ஆசீர்வாதம் என்று வரிக்கு வரி தெரிகிறது. என்னிடம் அபிப்பிராயம்தான் இருக்கிறது, வாங்கிக்கொள்.

பெப்டைட் என்றாலே நான் முகம் சுளிப்பவன் இல்லை. அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி அது. புரதம் ஆளுயர மாலை என்றால் இது முழம் பூ. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்களே, அதுவும் இந்த இனம்தான், 51 அமினோ அமிலம். உன் மச்சான் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டானே, எடை குறைக்கும் அந்த செமாக்ளூடைடும் இதே இனம். அந்தக் குடும்பத்தில் முதலில் அங்கீகாரம் பெற்ற எக்செனடைட், கிலா மான்ஸ்டர் என்ற அரிசோனாப் பாலைவனத்துப் பல்லியின் விஷ உமிழ்நீரில் ஜான் எங் என்ற டாக்டர் கண்டுபிடித்த பொருளில் இருந்து வந்தது. 2005இல் மருந்தாயிற்று. பல்லி எச்சில் பட்டால் தலைக்குக் குளிக்கச் சொல்வார் என் ஆச்சி. இதைக் கேட்க அவர் இல்லை.

அவ்வளவு ஏன், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே ஒரு பெப்டைட் குடியேறிவிட்டது. மணிக்கட்டு முறிந்ததும் டாக்டர் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மரகதத்தின் எலும்பு அடர்த்தி அதலபாதாளத்தில் இருந்தது. முதுகெலும்பில் ஒரு கண்ணி அவளுக்கே தெரியாமல் நசுங்கியிருந்தது. டெரிபாராடைட் எழுதிக் கொடுத்தார். உடம்பே சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34. தினமும் ஒரு ஊசி, பேனா மாதிரிக் கருவி. இட்லிமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து நான் எடுத்துத் தருகிறேன். அவள் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஆயிற்றா?" என்பாள். குத்தி முடித்திருப்பேன். "ஆகவில்லை" என்பேன். திட்டுவாள்.

அந்த மருந்தின் குணம் விசித்திரமானது. அதே ஹார்மோன் ரத்தத்தில் எந்நேரமும் கூடுதலாகவே இருந்தால் எலும்பைக் கரைக்கிறது. நாளைக்கு ஒருமுறை வந்து சட்டென்று போய்விட்டால் எலும்பைக் கட்டுகிறது. வந்துபோகும் நேரத்தில் இருக்கிறது சூட்சுமம். மருந்தை நிறுத்தியதும் வேறொன்றைத் தொடராவிட்டால் கட்டியது கைவிட்டுப் போய்விடும். இதெல்லாம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, முறிவுகளை எண்ணித் தெரிந்துகொண்டது.

நீ காது கொடுத்துக் கேட்க வேண்டியது இனிமேல்தான். இந்த மருந்தை அதிக அளவில் எலிகளுக்குப் போட்டபோது எலும்பில் புற்று வந்தது. 2002இல் அமெரிக்காவில் அங்கீகரித்தபோது அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னார்கள். பல வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, மனிதர்களிடம் அப்படிக் கூடவில்லை என்று பார்த்த பிறகு 2020இல் அந்தக் கட்டத்தை எடுத்தார்கள். எலிக்கு வந்த கேடு மனிதனுக்கு வரவில்லை. அப்படியானால் எலிக்குக் கிடைத்த குணம் மட்டும் மனிதனுக்கு வந்தே தீரும் என்று உன்னிடம் சொன்னவர் யார்?

உன் பிபிசியின் சாட்சிகளில் பெரும்பாலோர் எலிகள்தான். பதினைந்து அமினோ அமிலம். இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்கிறார்கள். ஆய்வுகளில் பெரும்பகுதி குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரத்து ஒரே குழுவிடமிருந்து வந்தது. எலிகளின் தசைநார் ஆறியது, குடல்புண் ஆறியது, எல்லாம் ஆறியது. மனிதர்களிடம் நடந்தவை ஒரு கையால் எண்ணும்படி, அதுவும் சின்னச்சின்னதாக. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடை. நீ ஒலிம்பிக்கில் ஓடப் போவதில்லை, அதை விடு.

சீசா படத்தையும் அனுப்பியிருந்தாய். பெரிதாக்கிப் பார்த்தேன். "ஆய்வுக்கு மட்டும், மனிதர்கள் பயன்படுத்த அல்ல" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பாலிசிப் பத்திரத்தில் கடைசி வரிவரை படிக்கும் நீ இதை எப்படித் தாண்டினாய்? வெள்ளைப் பொடி, அடியில் ஒட்டிக்கொண்டு, விரல்நகம் அளவுக்கு. அதை எப்படிச் செய்வார்கள் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். 1963இல் மெரிஃபீல்ட் கண்ட முறை: பிசின் உருண்டையில் முதல் அமிலத்தை ஒட்டி, கழுவி, அடுத்ததைச் சேர்த்து, மறுபடி கழுவி. அதற்கு 1984இல் நோபல் கொடுத்தார்கள். ஒவ்வொரு இணைப்பும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக விழுந்தாலும், பதினைந்து அமிலம் சேர்வதற்குள் நூற்றில் பதின்மூன்று சங்கிலி குறைப்பிரசவம். அதைப் பிரித்து எடுப்பதில்தான் செலவு. பிரித்தார்களா, கிருமி இல்லாமல் அடைத்தார்களா, சீசாவில் இருப்பது அந்தப் பொருள்தானா என்பதையெல்லாம் மரகதத்தின் பேனாவுக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. உன் சீசாவுக்கு யார்?

சிஜேசி ஜோடியைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டும் உடம்பை வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுபவை. இந்த மோகத்துக்கு வித்து 1990இல் டேனியல் ருட்மன் எழுதிய கட்டுரை. அறுபதைத் தாண்டிய பன்னிரண்டு ஆண்களுக்கு ஆறு மாதம் அந்த ஹார்மோனைப் போட்டதில் கொழுப்பு குறைந்து சதை கூடியது. பின்னால் வந்த ஆய்வுகளில் சதை கூடியதே தவிர வலு கூடவில்லை. கை கால் வீக்கமும் மூட்டுவலியும் வந்தன, சர்க்கரையும் ஏறியது. அந்தக் கட்டுரையைக் காட்டி வியாபாரம் செய்வதைப் பார்த்து, 2003இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே கண்டித்து எழுதியது. ஆசை என்னவோ பழையது. 1889இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய மருத்துவ விஞ்ஞானி, எழுபத்திரண்டு வயதில், நாயின் விதைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு முப்பது வயது குறைந்துவிட்டது என்று சபையில் எழுந்து சொன்னார். அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருக்கவே முடியாது என்று பின்னால் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெம்பாக இருந்தது. இதைப் போட்டுக்கொண்ட உன் நண்பர் நாயரும் தெம்பாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, நான் அவரையும் பொய்யர் என்று சொல்லவில்லை.

சுந்தரம், இனி விளையாட்டு இல்லை.

மரகதத்துக்கு மருந்து எழுதும் முன் டாக்டர் கேட்டது இதைத்தான்: "இதற்கு முன் புற்றுநோய் வந்ததா? கதிர் சிகிச்சை எடுத்ததுண்டா?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஊசியை எழுதியிருக்க மாட்டார். சீசாவைக் கொடுத்த உன் கிளினிக்கில் அதைக் கேட்டார்களா? உன் கடிதத்தில் வங்கி அட்டை எண் கேட்டது இருக்கிறது, இடுப்புச் சுற்றளவு கேட்டது இருக்கிறது, உனக்கு வந்த புராஸ்டேட் புற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்று அவர்கள் கேட்கவில்லை, அல்லது நீ சொல்லவில்லை. இரண்டில் எது என்று எனக்கு எழுது.

காயம் ஆறப் புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும். எலிகளிடம் அவற்றை வளரத் தூண்டுகிறது என்பதுதான் உன் பிபிசிக்குச் சொல்லப்படும் பெருமை. கட்டி வளர்வதற்கும் அதே ரத்தக்குழாய்கள்தான் வேண்டும். வளர்ச்சி ஹார்மோனும் செல்களைப் பெருகச் சொல்லும் பொருளை ரத்தத்தில் கூட்டுகிறது. இவை புற்றை எழுப்பும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எழுப்பாது என்றும் நிரூபிக்கவில்லை. கதிர் முடித்த ஆணுக்கு இவற்றைச் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கிளினிக்காருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வழியில்லை. முதல் எலியாக உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை.

கதிர் முடிந்த அன்று போனில் "இனி எவ்வளவு கிடைத்தாலும் லாபம்" என்று சொன்னாய். அந்த லாபத்தைத் தோள்வலிக்காகப் பந்தயம் கட்டுகிறாய். வலிக்காது என்று சொல்லவில்லை. சட்டை மாட்டக் கை தூக்க முடியாத எரிச்சல் எனக்கும் தெரியும். பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போனாயா? "போரடித்தது" என்று பாதியில் விட்டிருப்பாய். உன்னைத் தெரியாதா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சீசாவை எடுத்துக்கொண்டு உன் புற்றுநோய் டாக்டரிடம் போ. பெயர்களைத் தாளில் எழுதிக் காட்டு. போட்டுக்கொள் என்று அவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், நாயரிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அதுவரை மூடியைத் திறக்காதே. புற்று திரும்புகிறதா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அடுத்து எப்போது? முடிவு வந்ததும் எண்ணை மட்டும் அனுப்பு, வியாக்கியானம் வேண்டாம். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று வசந்தாவுக்கும் போகிறது. அதில் மட்டும் தைலத்தைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன்.

அன்புடன்,
கணேசன்