அந்த ஏழு மணி நேரம் என்னுடையது

மதிப்பிற்குரிய கணக்கெடுப்புக் குழுவினருக்கு,

மூணாறு எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு ஜீப் டிரைவர் வணக்கத்துடன் எழுதுவது. செல்போனால் பிள்ளைகளின் மனநலம் எப்படி இருக்கிறது என்று போன மாதம் பள்ளியில் விசாரித்துப் போனீர்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகள் 'அதிகம் பாதிக்கப்பட்டவர்' பட்டியலில் வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கவுன்சலிங்காம். எனக்கும் அழைப்பு.

போனில் பதிவாகியிருக்கும் நேரத்தைப் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் எழுதியது 7 மணி 10 நிமிடம். ஐயா, எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். காலை ஆறரைக்கு என் சட்டைப்பையில் ஏறினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு திரும்பும். டாப் ஸ்டேஷனில் டூரிஸ்டுகள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை வண்டியில் உட்கார்ந்து கபடி பார்த்தது நான். மகளுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலும் தம்பி பங்குக்கு வருவான். போடியிலிருந்து என் மாமியார் கூப்பிட்டால் அதுவும் போச்சு. கவுன்சலிங் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மலையாளத்தில். இரண்டு வாரமாகச் சங்கடம் தோன்றியதா என்று ஒரு கேள்வி. மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். நமக்கு? "டீச்சர்கிட்ட சந்தேகம் கேட்கச் சங்கடம், உங்ககிட்ட பஸ்ஸுக்குக் காசு கேட்கச் சங்கடம். அதான்ப்பா தினமும்னு டிக் போட்டேன்" என்கிறாள். அவள் துக்கத்தில் இருப்பதாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

கேள்வித்தாளைத் தமிழில் கொடுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதானே. மனுவுக்கு ஆகும் தமிழ், பிள்ளைகள் மனதைச் சொல்ல ஆகாதா?

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை அலசியபோது, மனநல ஏற்ற இறக்கத்தில் டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று கண்டார்களாம். தேடிப் படித்தேன், அந்த ஏழு மணி நேரத்தில் இதுவும் சேர்த்தி. போனால் கெடுதலே இல்லை என்று நான் வாதாடவில்லை. எத்தனை மணி என்பதோடு நிறுத்தாமல் யார் கையில், என்ன பார்க்க, எந்நேரத்தில் என்றும் கேட்டால்தானே விவரம் தெரியும்?

2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக இதே பிள்ளைகள் ரேஞ்ச் தேடி மழையில் மேடேறி நின்றார்கள். அப்போது அவர்கள் மனநலத்தை அளக்க ஒருவரும் வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் படுக்கும் லயத்தில் மனம் எப்படி இருக்கும் என்று உங்கள் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. போன் மட்டும்தான் குற்றவாளி!

சரி, கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்து மறுபடி கேளுங்கள். அதுவரை என் மகள் பெயரைப் பட்டியலிலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு மறையூர் சவாரி இருக்கிறது. ஏதும் கேட்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். போன் என்னிடம்தான் இருக்கும்.