வீட்டில் கிடக்கும் கட்டைகளில் ஒரு கைப்பிடி அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அடுத்த வாரத்திலிருந்து மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கைவினை வகுப்பில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துத் தொங்கவிடும் பொம்மைகள் செய்யப் போகிறார்கள். லெகோ என்று நாம் பொதுவாகச் சொல்கிற அந்தக் கட்டைதான், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. ஆனால் இந்த முறை ராக்கெட்டும் ரோபோவும் கிடையாது. பழைய காலத்து மரப் பொம்மைகள்தான் மாதிரி: கயிறு கட்டி இழுக்கும் வாத்து, முன்னும் பின்னும் ஆடும் குதிரை, பம்பரம், ரயில் வண்டி. எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில்.

பிளாஸ்டிக்கில் ஏன் மரப் பொம்மை என்று சிலர் கேட்டீர்கள். அந்தக் கட்டையே ஒரு தச்சுப் பட்டறையில் பிறந்ததுதான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரத்தில் பொம்மை செய்ய ஆரம்பித்தார். அவர் பட்டறையின் பேர்போன பொம்மை ஒரு வாத்து, இழுக்க இழுக்க அலகைத் திறந்து மூடும். பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் 1940-களில்தான் வந்தது, மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இன்று நாம் பார்க்கும் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள், 1960-இல் மரப் பொம்மைக் கிடங்கு தீப்பிடித்து எரிந்த பிறகு மரவேலையையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாத்தைப் பற்றி, அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த லெகோ கம்பெனி சொல்லும் கதை ஒன்று உண்டு. மூன்று கோட் வார்னிஷ் அடிக்க வேண்டிய வாத்துகளுக்கு இரண்டே கோட் அடித்துச் செலவை மிச்சப்படுத்திவிட்டேன் என்று அந்தத் தச்சரின் மகன் பெருமையாக வந்து சொன்னானாம். அனுப்பிய சரக்கை ரயில் நிலையத்துக்கே போய்த் திருப்பி எடுத்து வரச்சொல்லி, மூன்றாவது கோட்டையும் அவனையே அடிக்க வைத்தாராம் அப்பா. தரம் முக்கியம் என்பதற்காகத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: அப்பா கையில் பிரஷ்ஷை எடுக்கவே இல்லை.

இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். தயவுசெய்து நீங்கள் செய்து கொடுத்து அனுப்பாதீர்கள். குதிரையின் கழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். பெரியவர் கை பட்ட வேலை பார்த்த உடனே தெரிந்துவிடும், பக்கத்தில் தன் கையாலேயே செய்த பிள்ளைக்கும் அது தெரியும், அதுதான் சங்கடம்.

பிள்ளைகள் திணறப்போவது வளைவுகளில். மரத்தை இழைத்து வட்டமாக்கிவிடலாம், சதுரக் கட்டையை என்ன செய்வது? சில துண்டுகளைப் படுக்க வைத்துக் கட்ட வேண்டும், அங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், தட்டைத் துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். அதனால் ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு குமிழ் அகலம், பக்கவாட்டில் வைத்தாலும் இடைவெளி விழாமல் உட்காரும். இதை நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவோம். வீட்டில் பிள்ளை கேட்டால் விடையைச் சொல்லாமல் ஒரு ஸ்கேலை மட்டும் கொடுங்கள்.

அப்புறம் கயிறு. மேல் கட்டையில் மட்டும் நூலைக் கட்டித் தொங்கவிட்டால், கீழே உள்ள எடை முழுவதும் குமிழ்ப் பிடிப்பை இழுத்துக்கொண்டே இருக்கும், யாராவது லேசாகத் தட்டினாலே வாத்தின் உடம்பு தரையிலும் தலை மட்டும் கயிற்றிலும் இருக்கும். நூலை அடிக்கட்டை வரை கொண்டுபோய், அதற்கும் கீழே முடிச்சுப் போட்டு மேலே எடுத்தால் எடையெல்லாம் அடிக்கட்டையில் உட்காரும், கட்டைகள் பிரிவதற்குப் பதில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். அதனால் நடுவில் ஓட்டை உள்ள துண்டுகள் இருந்தால் அவசியம் சேர்த்து அனுப்புங்கள். பசை மட்டும் வேண்டாம், பொம்மைகளைப் பிரித்து அவரவர் கட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புதிதாக எதையும் வாங்க வேண்டாம், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு கைப்பிடி போதும். எட்டுக் குமிழ் கட்டை ஒரே நிறத்தில் ஆறு இருந்தாலே 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். மரம் என்பதால் பழுப்பு நிறமாகத் தேடி அலையவும் வேண்டாம், பழைய மரப் பொம்மைகளில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் தாராளமாகவே இருந்தன. கட்டைகள் அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் அலசுங்கள், 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். ஒட்டிக்கொண்ட துண்டுகளைப் பிள்ளைகள் பல்லால் கடித்துப் பிரிப்பதைப் பார்த்தால் தடுங்கள், பாதிக் கட்டைகளில் பல் தடம் இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் சின்னத் துண்டுகள் எதுவும் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மரப் பொம்மை ஏதாவது வீட்டில் பத்திரமாக இருந்தால் அதைக் கொடுத்தனுப்ப வேண்டாம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், பிள்ளைகள் அதைப் பார்த்துக் கோட்டுருவம் வரைந்துகொள்வார்கள். கட்டைகளை மூடிபோட்ட டப்பாவில் அல்லது ஜிப் வைத்த பையில் போட்டு, பெயரும் வகுப்பும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். கட்டையே இல்லாத வீடாக இருந்தால் ஒன்றும் கவலை வேண்டாம், பள்ளியில் ஒரு பெரிய டப்பா நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்